வீட்டு ஸ்டீரியோவுக்கு ஓப்பன் பேஃபிள் சப்வூஃபர்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டியில் அடைக்காமல் திறந்த சட்டத்தில் கட்டும் இந்த வேலையை என் வீட்டில் ஒருமுறையும் நண்பர்கள் வீடுகளில் நாலைந்து முறையும் செய்து பார்த்துவிட்டேன். மரவேலையில் யாரும் பெரிதாகச் சொதப்பவில்லை. சொதப்பியதெல்லாம் வரிசையில்தான். சப்வூஃபரைச் சுவரோரமாக ஒதுக்கி வைப்பார்கள், பேஸ் (தாழ்ந்த ஒலி) வரவில்லையே என்று ஈக்யூவை (ஈக்வலைசர்) ஏற்றுவார்கள், அப்புறம் கோன் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) "டக் டக்" என்று அடிவாங்கும் சத்தம் கேட்டு டிரைவர் (பெட்டியில்லாத ஸ்பீக்கர் யூனிட்) சரியில்லை என்பார்கள். நானும் முதல் வாரம் அதைத்தான் செய்தேன். அதனால் கீழே உள்ள எண் வரிசையை மாற்றாமல் போங்கள், முக்கியமாக 6-ஐத் தாண்டிய பிறகு.

கணக்குகளெல்லாம் 12 அடிக்கு 15 அடி ஹால், 10 அடி உயரம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 15 இன்ச் டிரைவர் என்று வைத்துப் போட்டவை.

1. உங்கள் ஹாலுக்கு இது ஒத்துவருமா?

கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. பெட்டி சப்வூஃபரில் பின்பக்க ஒலி உள்ளேயே அடைபட்டுப்போகும். இங்கே இரண்டு பக்கமும் திறந்தே இருப்பதால் பக்கவாட்டில் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஒலி 8 என்ற எண்ணைப் போல முன்னும் பின்னும் மட்டும் போகும், இடமும் வலமும் ஏறக்குறைய அமைதி.

நமக்கு இதனால் என்ன லாபம் என்றால், காங்கிரீட் கூரை, செங்கல் சுவர், டைல்ஸ் தரை என்று நம் வீடுகள் பேஸைக் கொஞ்சமும் வெளியே விடாதவை. 12 அடி அகலம் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 15 அடி நீளம் 37-38 ஹெர்ட்ஸிலும், 10 அடி உயரம் 56 ஹெர்ட்ஸிலும் தானே சேர்ந்து முழங்கும். பெட்டி சப் இந்த மூன்றையும் தட்டி எழுப்பும். நீளவாக்கில் பார்க்கும் ஓப்பன் பேஃபிள் சப் அகலத்தையும் உயரத்தையும் பெரும்பாலும் தொடாது. மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கும்கி விழும்போது அது எங்கே தொடங்கி எங்கே வளைந்து முடிகிறது என்று தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

நஷ்டமும் உண்டு. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் அழித்துக்கொள்வது தாழ்ந்த ஸ்வரங்களில் கூடிக்கொண்டே போகும், எனவே ஒரு அளவுக்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஹெர்ட்ஸ் பாதியாகும் தூரம்) 6 டெசிபெல் குறையும். அதைப் பெரிய கோன்களையும் நீண்ட அசைவையும் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டும்.

இன்னொன்று இடம். சப்புக்குப் பின்னால் ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும். டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே செருகலாம் என்று நினைத்தால் இத்தோடு நிறுத்திவிட்டு மூடிய பெட்டி சப் ஒன்று கட்டுங்கள், உண்மையிலேயே அதுதான் நன்றாக இருக்கும். படம் பார்க்கும்போது வெடிச் சத்தத்தில் சோபா அதிர வேண்டும் என்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குவது திறந்த சப்பால் ஆகாத காரியம்.

2. வாங்கக் கிளம்பும் முன் ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டிரைவர் வாங்கிய பிறகுதான் பலர் இதைப் பார்க்கிறார்கள். சப்புக்குத் தனி பவர் ஆம்ப் வேண்டும். அந்த ஆம்புக்குப் போகும் சிக்னல் உங்கள் வால்யூம் குமிழுக்குப் பிறகு எடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பாட்டைக் குறைத்தாலும் சப் மட்டும் அதே வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் ஆம்பில் ப்ரீ-அவுட்டும் (குமிழுக்குப் பிறகு சிக்னலை வெளியே எடுக்கும் சாக்கெட்) மெயின்-இன்னும் (அதைத் திரும்ப உள்ளே கொடுக்கும் சாக்கெட்) இரண்டும் இருந்தால் அதிர்ஷ்டம். ப்ரீ-அவுட்டிலிருந்து டிஎஸ்பிக்கு (சிக்னலைப் பிரித்துச் சீராக்கும் டிஜிட்டல் கருவி), அங்கிருந்து இரண்டு சேனல் மெயின்-இன்னுக்குத் திரும்பவும், மற்ற இரண்டு சப் ஆம்புக்கு. இரண்டும் இல்லாவிட்டால் வழி ஒன்றுதான்: டிஎஸ்பியை ஆம்புக்கு முன்னால் வையுங்கள், ஆம்பின் குமிழை ஒரு இடத்தில் நிறுத்திக் குறி போட்டுவிட்டு, வால்யூமை டிஎஸ்பியிலோ பாட்டு வரும் கருவியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது அந்தக் குமிழைத் திருகினால் அத்தனை அளவீடும் போச்சு. நான் அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

டிஎஸ்பி என்றால் இரண்டு உள்ளே, நான்கு வெளியே உள்ள எதுவும் போதும். மினிடிஎஸ்பி 2×4 எச்டி இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கூடவே அளக்க ஒரு மைக் வேண்டும், யூமிக்-1 மாதிரி தனக்கென்று கேலிப்ரேஷன் ஃபைல் (அந்த மைக்கின் பிசகைத் திருத்தும் ஃபைல்) உள்ள யூஎஸ்பி மைக். மென்பொருள் ஆர்.இ.டபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்), இலவசம். காதாலேயே டியூன் செய்கிறேன் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் மேடு எது, நல்ல பேஸ் எது என்று காது முதல் மாதம் சொல்லாது. மேடுதான் நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்.

3. டிரைவர்: வாட்ஸைப் பார்க்காதீர்கள்

கடையில் முதலில் சொல்வது வாட்ஸ். இந்த வேலையில் அதற்குக் கடைசி இடம். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்து நிறுத்தும், இங்கே அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் டிரைவருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறுவதற்கு வெகு முன்பே கோனின் அசைவு எல்லையைத் தொட்டுவிடும். நீங்கள் வாங்குவது எவ்வளவு காற்றை நகர்த்த முடியும் என்பதைத்தான்.

அது கோனின் பரப்பு, எக்ஸ்மேக்ஸ் (கோன் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சீராக அசையக்கூடிய தூரம்) இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது. 12 இன்ச் கோனின் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ., 15 இன்ச் 850 சுமாருக்கு, 18 இன்ச் 1200 பக்கம். பெட்டி சப் ஒரு ஆக்டேவ் கீழே போனால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு அசைய வேண்டும். திறந்த சப் எட்டு மடங்கு. 40 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. அசையும் கோன் 20 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. அசைந்தாக வேண்டும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் 8 இன்ச், 10 இன்ச் டிரைவரில் ஆசை தானாகப் போய்விடும்.

15 இன்ச், ஒரு பக்கத்துக்கு 8 மி.மீ. எக்ஸ்மேக்ஸ், இரண்டு சப் என்று வைத்துக்கொண்டால், என் கணக்கில் 30 ஹெர்ட்ஸில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குச் சுமார் 90 டெசிபெல் கிடைக்கும், அறை தரும் உதவியைச் சேர்க்காமல். கச்சேரி, ஜாஸ், பழைய பாட்டுக்கெல்லாம் இது தாராளம். குத்துப் பாட்டை உரக்க வைத்துக் கேட்பவர் பக்கத்துக்கு இரண்டு போடுங்கள், 6 டெசிபெல் கூடும்.

டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. எஃப்.எஸ். (டிரைவர் இயல்பாகவே அதிரும் ஹெர்ட்ஸ்) 20-லிருந்து 30 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும், அதற்குக் கீழே எல்லாமே செங்குத்தாக விழும். க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வை டிரைவர் எவ்வளவு அடக்குகிறது என்பதன் அளவு, எண் கூடினால் அடக்கம் குறைவு) 0.6-க்கு மேல் இருந்தால் ஈக்யூ வேலை குறையும், 0.4 இருந்தாலும் டிஎஸ்பி வைத்து ஓட்டிவிடலாம், ஆக இதற்காக நல்ல டிரைவரை ஒதுக்க வேண்டாம். மூன்றாவது எக்ஸ்மேக்ஸ், மேலே சொன்னதுதான்.

மேடைக் கச்சேரி ஸ்பீக்கருக்கான 15 இன்ச் டிரைவர் எங்கும் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அதன் எஃப்.எஸ். பெரும்பாலும் 35-45 ஹெர்ட்ஸ், எக்ஸ்மேக்ஸ் 4-6 மி.மீ. சத்தம் பயங்கரமாக வரும், ஆழம் வராது. கார் சப் டிரைவர்களில் அசைவு கிடைக்கும், ஆனால் சின்ன மூடிய பெட்டிக்கென்றே செய்தவைதான் அதிகம். பெட்டியில்லாமல் ஓட்டலாம் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருந்தால் தைரியமாக எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, என் பணத்தில் கற்றது. கடையில் மாடல் எண் சொல்லி வாங்கிய இரண்டில் ஒன்று, பார்க்க அச்சாக அதே மாதிரி இருந்தும் எஃப்.எஸ். 10 ஹெர்ட்ஸ் அதிகம். மரத்தில் மாட்டித் துளை போட்ட பிறகுதான் தெரிந்தது, திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே வாங்கியதும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை வைத்து ஆர்.இ.டபிள்யூவிலேயே இம்பீடன்ஸ் (ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மாறும் மின்தடை) அளந்துவிடுங்கள், மேடு எந்த ஹெர்ட்ஸில் வருகிறதோ அதுதான் எஃப்.எஸ். இரண்டும் ஒத்துப்போன பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

4. சட்டம் அறுப்பது

வெறும் பலகையில் மாட்டினாலும் பாடும். ஆனால் முன்னலை பின்னலையைச் சந்திக்கும் தூரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பேஸ் மிஞ்சும், வெறும் பலகையில் அந்தத் தூரத்துக்கு ஒரு கதவே வேண்டும். அதனால்தான் எச் வடிவச் சட்டம்: நடுவில் டிரைவர் பலகை, முன்னும் பின்னும் திறந்த ஒரு சதுரக் குழாய். எச் என்ற எழுத்தைப் படுக்கவைத்து மேலிருந்து பார்ப்பது போல.

என் அளவு: உட்பக்கம் 42×42 செ.மீ., ஆழம் 38 செ.மீ. ஆழம் ஏன் 40 இல்லை என்றால், 8×4 அடி ஷீட்டின் அகலம் 122 செ.மீ. 40, 40, 42 என்று மூன்று வரிசை போட்டால் சரியாக 122, ரம்பம் தின்னும் 3 மி.மீ.க்கு இடமே இல்லை. முதல் தடவை இதை யோசிக்காமல் போய் இரண்டாவது ஷீட் வாங்கினேன். 38 வைத்தால் இரண்டு சட்டமும் ஒரே 18 மி.மீ. ஷீட்டில் முடியும். மேல்-கீழ்ப் பலகை 45.6×38 நான்கு, பக்கப் பலகை 42×38 நான்கு, டிரைவர் பலகை 42×42 நான்கு. டிரைவர் பலகை நான்கு ஏன் என்றால் சட்டத்துக்கு இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கப்போகிறோம், 18 மி.மீ. பலகை அந்த உதறலுக்கு வளையும்.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் ரகம்) உள்ளது நல்லது. எம்.டி.எஃப். அறுக்கச் சுகம், ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஓரங்கள் ஊதிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

துளையை டிரைவர் கையில் வந்த பிறகு, அதை வைத்து அளந்து வெட்டுங்கள். இணையத்தில் போட்ட அளவை நம்பி வெட்டினால் அரை செ.மீ. பிசகும். துளையின் பின்பக்க ஓரத்தை 45 பாகை சாய்த்துச் சீவச் சொல்லுங்கள். 36 மி.மீ. கனத்தில் நேர்த்துளை போட்டால் டிரைவரின் கூடை ஜன்னல்களை மரம் மறைத்துவிடும், பின்பக்கம் மூச்சு முட்டும், ஒலி போகும் 8 வடிவத்தின் ஒரு பாதி சிறுத்துவிடும்.

இந்த ஆழத்தில் குழாயே 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஊளையிடும். பயப்பட வேண்டாம், சப்பை 80-90 ஹெர்ட்ஸில் வெட்டிவிடப்போகிறோம். ஆனால் இதே சட்டத்தை 200 ஹெர்ட்ஸ் வரை பாடவைக்க ஆசைப்படாதீர்கள். ஆழத்தை 60 செ.மீ. ஆக்கினால் இன்னும் பேஸ் வருமே என்று கேட்கும் எல்லோருக்கும் இதே பதில்: வரும், ஊளையும் கூடவே கீழே இறங்கி வரும்.

5. மாட்டுவதும் ஒயர் கொடுப்பதும்

மர ஸ்க்ரூ வேண்டாம். ஆறு மாதத்தில் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்துவிடும். பின்பக்கம் டி-நட் (மரத்தில் பதியும் நட்) அடித்து போல்ட்டில் முறுக்குங்கள், டிரைவர் விளிம்புக்கு அடியில் ஒரு ஃபோம் டேப். குறுக்கு வாட்டத்தில் எதிரெதிர் போல்ட்டாக இறுக்க வேண்டும், வண்டிச் சக்கரம் மாட்டுவது போல, இல்லாவிட்டால் கூடை முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் கனம். பெட்டி சப்பைவிடத் திறந்த சட்டம் அதிகம் உதறும், கோன் முன்னால் போகும்போது சட்டம் பின்னால் போகப் பார்க்கும். வழுக்கும் டைல்ஸில் என் நண்பர் ஒருவரின் சப் ஒரு மாலையில் இரண்டு அங்குலம் நடந்துவிட்டது. அடியில் ரப்பர் பாதம், மேலே கனமாக ஒரு கல். சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட், கடப்பாக்கல் எது கிடைத்தாலும் சரி, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஒயர் கொடுத்ததும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பிளஸ் பிளஸில் பட்டால் கோன் முன்னால் வர வேண்டும். இரண்டு சட்டத்துக்கும் இதைச் செய்யுங்கள். திறந்த சப்பில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சத்தத்தில் வித்தியாசமே தெரியாது, அதனால் ஒன்று தலைகீழாக இருந்தால் காது உடனே கண்டுபிடிக்காது, "என்னவோ பேஸ் கம்மியாக இருக்கிறது" என்று மட்டும் தோன்றும். அந்தக் "கம்மி"யைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அழகுக்காக ஒரு டிரைவரைக் காந்தம் வெளியே தெரிய மாட்டினால் அதன் ஒயரையும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்துக்கு இரண்டு டிரைவர் என்றால் 8 ஓம் இரண்டைப் பேரலலில் சேர்த்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டைச் சீரிஸில் சேர்த்தால் 8. 4 ஓம் இரண்டைப் பேரலலில் போட்டு 2 ஓம் ஆக்கி ஆம்பைச் சோதிக்காதீர்கள்.

6. சத்தம் வரும் முன் டிஎஸ்பியில் இரண்டு ஃபில்டர்

இது பாதுகாப்பு, அதனால் முதல் பாட்டுக்கும் முன்னால்.

சப் சேனல்களுக்கு 22 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் குறைக்கும் ஹைபாஸ் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டும் ஃபில்டர்). மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, 15 ஹெர்ட்ஸில் என்ன வந்தாலும் காதுக்குக் கேட்காது, கோன் மட்டும் எல்லை தாண்டும். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிட்டு ஊசியை வைத்தால் கோன் அலைபாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிறகு கிராஸ்ஓவர் (சப்புக்கும் மெயினுக்கும் ஒலியைப் பிரிக்கும் இடம்), லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகையில் 24 டெசிபெல், சப்புக்கு லோபாஸ் (மேலே இருப்பதை வெட்டுவது), மெயின் ஸ்பீக்கருக்கு அதே ஹெர்ட்ஸில் ஹைபாஸ். 80 ஒரு நல்ல தொடக்கம். மெயின் ஸ்பீக்கரில் போர்ட் (பெட்டியில் காற்று போகும் குழாய்த் துளை) இருந்தால் போர்ட் எங்கே டியூன் ஆகியிருக்கிறதோ அதற்கு ஒரு ஆக்டேவாவது மேலே வெட்டுங்கள், 45 என்றால் 90. போர்ட்டுக்குக் கீழே அந்த ஸ்பீக்கர் தானாகவே சரிந்துகொண்டிருக்கும், அதன்மேல் உங்கள் ஃபில்டரும் சேர்ந்தால் இரண்டும் சப்போடு பொருந்தாது.

மெயின் ஸ்பீக்கரை டிஎஸ்பி வழியாக விடாமல் நேராக ஓடவிட்டு, அடியில் சப்பை மட்டும் சேர்க்கலாமா? சிலர் பிடிவாதமாகக் கேட்பார்கள். வேண்டாம். டிஎஸ்பிக்குள் போன சிக்னல் சில மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வெளியே வரும், சப் எப்போதும் பின்தங்கும், அதைப் பிடிக்க வழியே இருக்காது.

இந்த இடத்தில் ஹம் (விடாத "ம்ம்" இரைச்சல்) வந்தால் எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகிப் பாருங்கள், லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள்.

7. இடம். இதில் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள்

சப்பின் பின்னலை சுவரில் பட்டுத் திரும்பி வரும். அது முன்னலைக்கு நேர் எதிர். சுவர் கிட்டே இருந்தால், திரும்பி வந்த அலை நேர் அலையை அப்படியே தின்றுவிடும். ஒரே ஒரு சுவரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலே, 40 ஹெர்ட்ஸில் சுவரிலிருந்து 30 செ.மீ.யில் வைப்பதற்கும் 1 மீட்டரில் வைப்பதற்கும் கிட்டத்தட்ட 10 டெசிபெல் வித்தியாசம். பத்து டெசிபெல் என்றால் ஆம்ப் பக்கத்தில் பத்து மடங்கு வாட்ஸ்! என் முதல் வாரத்துச் சோகம் முழுக்க இதுதான், ஒரு அடியில் வைத்துவிட்டு அந்தப் பத்தை ஈக்யூவில் தேடினேன்.

பெட்டி சப்பில் பழகியவர்கள் மூலைக்கு நகர்த்துவார்கள், அங்கே பேஸ் கூடும் என்று. இங்கே மூலைதான் மோசமான இடம். சப்பை சோபாவில் வைத்துவிட்டுத் தரையில் தவழ்ந்து நல்ல இடம் தேடும் வித்தையும் இதற்குச் செல்லாது, நம் காது கேட்பது காற்றழுத்தத்தை, திறந்த சப் அறையைப் பிடிப்பது காற்றின் அசைவால். அழுத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில் அசைவு குறைவாக இருக்கும்.

ஆக இப்படித் தொடங்குங்கள்: முன்சுவரிலிருந்து (சப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்) ஒரு மீட்டர், மெயின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், முகம் நேராக உட்காரும் இடத்தைப் பார்த்து. பக்கச் சுவர் கிட்டே இருந்தால் கவலையில்லை, அந்தப் பக்கம்தான் ஒலியே போகாதே. மைக்கை உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வைத்து, 15-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (படிப்படியாக ஏறும் சோதனை ஒலி), இடது தனியாக, வலது தனியாக. பிறகு 20 செ.மீ. முன்னால் நகர்த்தி மறுபடி. ஒவ்வொரு இடத்தையும் தரையில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள், நாலாவது ஸ்வீப்புக்கு மேல் எது எங்கே என்று மறந்துவிடும்.

சப்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதும் ஒரு ஆயுதம். பக்கவாட்டில் இருக்கும் அந்த அமைதியான கோட்டைத் தொல்லை தரும் சுவர் பக்கம் காட்டும்படி 10-15 பாகை திருப்பினால் சில மேடுகள் தானாக அடங்கும். ஈக்யூவால் முடியாத வேலை இது.

சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் அதையும் ஒரு அடி முன்னால் இழுங்கள், நீளவாக்கு முழக்கம் மிக அதிகமாகக் கேட்பது சுவரை ஒட்டிய இடத்தில்தான். வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பாடு.

வரைபடத்தில் என்ன தேடுவது? மேடு இல்லாத இடத்தையல்ல. பள்ளம் குறைவாக உள்ள இடத்தை. மேட்டை ஈக்யூவில் சீவிவிடலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது.

8. அளவு, துருவம், தாமதம், இதே வரிசையில்

முதலில் அளவு. சப்பை மட்டும் ஓட்டி 50-80 ஹெர்ட்ஸில் வரும் சராசரியையும், மெயினை மட்டும் ஓட்டி 100-300-இல் வரும் சராசரியையும் சமமாக்குங்கள். 30 ஹெர்ட்ஸில் சப் தாழ்ந்து கிடக்கும், அதை இப்போது பார்க்காதீர்கள்.

அடுத்தது துருவமும் (பிளஸ்-மைனஸ் திசை) தாமதமும். ஒலி 1 மில்லிசெகண்டில் 34 செ.மீ. போகும். சப் உங்களுக்கு 34 செ.மீ. கிட்டே இருந்தால் சப்புக்கு 1 மில்லிசெகண்ட் தாமதம், தள்ளி இருந்தால் மெயினுக்கு. டேப் வைத்து அளந்து இதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு சப்பின் துருவத்தை வேண்டுமென்றே தலைகீழாக்கி, இடது சப்பும் இடது மெயினும் சேர்ந்து ஸ்வீப் எடுங்கள். கிராஸ்ஓவர் ஹெர்ட்ஸில் ஒரு குழி விழும். தாமதத்தை 0.5 மில்லிசெகண்ட் கூட்டியும் குறைத்தும், குழி எப்போது ஆக ஆழமாகிறதோ அதுவரை போங்கள். ஆழமான குழி என்றால் இரண்டும் கச்சிதமாக எதிரெதிராக இருக்கின்றன, துருவத்தைத் திரும்ப நேராக்கினால் கச்சிதமாகச் சேரும். நேராகச் சேரும் உச்சத்தைத் தேடுவதைவிட இது சுலபம், உச்சம் மழுங்கலாக இருக்கும், குழி கூராக இருக்கும். துருவத்தை நேராக்க மறந்துவிட்டு ஒரு வாரம் பாட்டுக் கேட்டவர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம்.

வலது பக்கத்துக்கும் தனியாக. இடதில் கிடைத்த எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள், உங்கள் ஹாலில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் டைனிங் பக்கம் திறந்து கிடக்கும்.

9. கடைசியில்தான் ஈக்யூ

38 செ.மீ. ஆழச் சட்டத்தில் 140 ஹெர்ட்ஸ் சுமாருக்கு சரிவு தொடங்கும். 70-இல் 6, 35-இல் 12 டெசிபெல் குறைவு. 80-க்குக் கீழேதான் நமக்கு வேலை என்பதால் ஈடுகட்ட வேண்டியது 80-லிருந்து 30 வரை சுமார் 8-9 டெசிபெல். அறையும் கொஞ்சம் கைகொடுக்கும், ஆகவே பெரும்பாலும் 5-6 போதும்.

ஒரே ஒரு லோ ஷெல்ஃப் (ஒரு அளவுக்குக் கீழே எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும் ஃபில்டர்), நடு 45-50 ஹெர்ட்ஸ், க்யூ (ஏற்றத்தின் செங்குத்து) 0.5 அல்லது 0.6, 6 டெசிபெல். ஏற்றிய அதே அளவு சப் சேனலின் மொத்த கெயினைக் குறைத்துவிட்டு, சப் ஆம்பின் குமிழில் மீட்டுக்கொள்ளுங்கள். டிஎஸ்பிக்குள் உச்சம் தொட்டு வெட்டுப்பட்டால் கரகரப்பு வரும், அதை டிரைவர் கிழிந்த சத்தம் என்று நினைத்து ஓடுவோம்.

அதற்குப் பிறகு மீதமிருக்கும் மேடுகளில் பெரியதை மட்டும் சீவுங்கள். பொதுவாக 37-38 பக்கம் நீளவாக்கு முழக்கம் ஒன்று நிற்கும். மைக்கைத் தலை இருக்கும் இடத்திலும், இருபுறம் ஒரு சாண் தள்ளியும் வைத்து மூன்று ஸ்வீப்பின் சராசரியில் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு புள்ளிக்கு மட்டும் சரியாகி, நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தால் கெட்டுவிடும். மூன்று ஃபில்டருக்கு மேல் போட வேண்டியிருந்தால் ஈக்யூவை அணைத்துவிட்டு 7-க்குத் திரும்புங்கள்.

குறுகிய பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்ப்பதுதான் இங்கே அதிகம் பார்த்த தவறு. அங்கே இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன, நீங்கள் ஏற்றினால் இரண்டுமே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும், கோன் மட்டும் களைத்துப்போகும்.

10. கேட்டுப் பார்க்கும்போது

முதலில் பாட்டில்லை, டோன் (ஒரே ஹெர்ட்ஸில் நிற்கும் ஒலி). 41 ஹெர்ட்ஸ் பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி, 31 ஐந்து கம்பி கிடாரின் தாழ்ந்தது, 27.5 பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டை. மூன்றையும் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஓட்டி, டார்ச் அடித்துக் கோனைப் பாருங்கள். 31-இல் அடிவாங்கும் சத்தம் வந்தால் ஹைபாஸை 25-க்கு ஏற்றுங்கள், வீராப்பு வேண்டாம்.

முதல் இரண்டு நாள் பேஸ் குறைந்துவிட்டது என்று தோன்றும். இதுவரை நீங்கள் கேட்ட பேஸில் பாதி அறையின் முழக்கம். ஒரு வாரம் எதையும் தொடாமல் கேளுங்கள், அப்புறமும் மெலிவாக இருந்தால் சப் அளவை 2 டெசிபெல் ஏற்றுங்கள், ஷெல்ஃபைத் தொடாதீர்கள்.

பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய துணிச் சட்டம் கட்டாயம் போடுங்கள். தூசிக்காக மட்டுமில்லை. காந்தத்தின் இளஞ்சூட்டுக்குப் பல்லி குடிவந்துவிடும், எனக்கு வந்தது, 30 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டியதும்தான் வெளியே குதித்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முன்பக்கம் இரும்பு கிரில், கோன் விரலைக் கூப்பிடும். வருடத்துக்கு ஒருமுறை போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கும்போது டிரைவரை அரைச் சுற்றுத் திருப்பி, மேல் விளிம்பு கீழே வரும்படி மாட்டிவிடுங்கள், கனமான கோன் ஒரே பக்கமாகத் தொய்யாமல் இருக்கும்.